பிள்ளைகளுக்கு எந்தச் சூரியனைக் காட்டுவது? அல்பா செந்தூரியா, 18 ஸ்கோர்பியா?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)

ஆடி அமாவாசைக்கு மறுநாள் பின்னேரம் எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானக் கழகப் பிள்ளைகளைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வானம் காட்டப் போகிறோம். அமாவாசையன்றே வைத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு மாமாங்கத் தீர்த்தம். பிள்ளைகளும் வரமாட்டார்கள், தாய் தகப்பனும் விடமாட்டார்கள். மறுநாள் என்றாலும் பிறை ஏழு, ஏழேகாலுக்குள் இறங்கிவிடும்.

"சூரியனும் ஒரு நட்சத்திரம்" என்று தரம் எட்டுப் பிள்ளை பாடமாக்கி எழுதிப் புள்ளியும் எடுத்துவிடும். வானத்தில் ஒன்றைக் கைகாட்டி, "இதுவும் ஒரு சூரியன், தூரத்தில் இருப்பதால்தான் இப்படித் தெரிகிறது" என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஏற்பாடே. எதைக் காட்டிச் சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி.

என் தெரிவு அல்பா செந்தூரி. ஏழரை மணிக்குத் தெற்கே, கொஞ்சம் மேற்காக, கையை நீட்டி முட்டி பிடித்தால் இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். இரவு வானத்தில் பிரகாசத்தில் மூன்றாவது நட்சத்திரம் அது, தேடவே தேவையில்லை. சூரியனை விட்டால் நமக்குக் கிட்டடியில் இருக்கும் நட்சத்திரத் தொகுதியும் அதுதான். தூரம் ஏறக்குறைய 4.4 ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் ஏ, பி என்று இரண்டு நட்சத்திரம். நட்சத்திரங்களை நிறத்தையும் வெப்பத்தையும் வைத்து எழுத்தும் எண்ணும் போட்டு வகை பிரிப்பார்கள். அதில் ஏ, சூரியனுடைய அதே ஜி2 வகை. மேற்பரப்பு வெப்பநிலை 5800 கெல்வின் அளவில், சூரியனுக்கு 5772. லண்டனில் வளரும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் அங்கிருந்து எந்த நாளும் பார்க்க முடியாத நட்சத்திரம் இது. நமக்குக் கடற்கரையில் நின்றாலே தெரிகிறது.

கூட இருக்கும் ஒரு நண்பர், "அது வேண்டாம், 18 ஸ்கோர்பிதான் சரி" என்கிறார். இங்கே விசயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.


சம்மாந்துறையான் (அம்பாறை மாவட்டம்)

சேர், அல்பா செந்தூரியைக் காட்டுங்கள், நான் தடுக்கவில்லை. "சூரியனைப் போன்றது" என்று சொல்லிக் காட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிறமாலை வகை ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஏ நட்சத்திரத்தின் திணிவு சூரியனைப்போல் 1.08 மடங்கு, ஆரை 1.22 மடங்கு, வெளிவிடும் ஒளி 1.5 மடங்கு. சூரியனை எடுத்துவிட்டு அதை அந்த இடத்தில் வைத்தால் பூமிக்கு வந்துசேரும் வெப்பம் ஒன்றரை மடங்காகும். வெள்ளிக் கோளுக்குக் கிடைப்பது 1.9 மடங்கு. அதற்கும் நமக்கும் நடுவில் போய் நிற்போம். அப்படியான நட்சத்திரத்தைப் பிள்ளைகளிடம் "நம்ம சூரியன் மாதிரி" என்று எப்படிச் சொல்வது?

அதோடு அது தனி நட்சத்திரம் இல்லை. பி நட்சத்திரம் 79.9 வருசத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. கிட்ட வரும்போது 11.2 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு), எட்டப் போகும்போது 35.6. நம்முடைய கணக்கில் சொன்னால் சனியின் பாதையைக் கொஞ்சம் தாண்டிய இடம் முதல் நெப்டியூனுக்கும் அப்பால் வரை. இன்னொரு சூரியன் அப்படி உள்ளே வந்து போகிற குடும்பம் அது.

18 ஸ்கோர்பியைப் பாருங்கள். விருச்சிகத்தின் வடக்கு எல்லையில், 46 ஒளியாண்டு தூரத்தில், துணை இல்லாத தனி நட்சத்திரம். திணிவு 1.02, ஆரை 1.01, ஒளி 1.06 மடங்கு. வெப்பநிலை 5817 கெல்வின் அளவில், சூரியனைவிட ஐம்பது பாகை கூட வித்தியாசமில்லை. இரும்பும் மற்ற பாரமான மூலகங்களும் ஏறத்தாழ அதே வீதத்தில். 1997இல் பிரேசில் வானியலாளர்கள் போர்ட்டோ டி மெலோவும் டா சில்வாவும் இதைச் சூரியனின் இரட்டை, அதாவது அச்சில் வார்த்ததுபோல் ஒத்தது, என்று எடுத்துக் காட்டியதற்குப் பிறகு, இவ்வளவு பிரகாசமான இரட்டை வேறு அகப்படவில்லை.


வாவிக்கரையான்

எண்களில் எனக்குத் தகராறு இல்லை, காக்கா. 18 ஸ்கோர்பியின் தோற்றப் பருமன் (கண்ணுக்குத் தெரிகிற பிரகாசத்தின் அளவு, எண் கூடக்கூட மங்கல்) எவ்வளவு? 5.5. நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு மட்டும் மட்டுமட்டாகத் தெரியும். கல்லடியில் பாலத்து வெளிச்சமும் ஹோட்டல் வெளிச்சமும் போதாதென்று கடலிலே வள்ளங்களின் லைட் வேறு. ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

கண்ணால் காணாத ஒன்றைக் காட்டி "அங்கே இருக்கிறது, நம்பு" என்றால், புத்தகத்தில் பாடமாக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரவிலே அவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு போவது எதற்கு? தரம் எட்டுப் பிள்ளைக்கு 1.08க்கும் 1.02க்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத் தேவையில்லை. வானத்தைப் பார்த்து "அது ஒரு சூரியன்" என்று ஒரு தடவை மனதாரச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு மற்ற எண்ணையெல்லாம் அந்தப் பிள்ளையே தேடும்.


படுவான்கரைத் தகப்பன்

இரண்டு பேரும் 1.08, 1.02 என்று தராசில் வைத்து நிறுத்த மாதிரிச் சொல்கிறீர்கள். என் மகள் தரம் ஒன்பது. வயலில் நிற்கும்போது வெள்ளியைப் பார்த்து அவள் கேட்ட கேள்வியையே கேட்கிறேன்: யாரும் போகாத இடத்தில் இருக்கிற ஒன்றின் பாரம் எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லாவிட்டால் எதைக் காட்டினாலும் ஒன்றுதான்.


வாவிக்கரையான்

அண்ணன், நல்ல கேள்வி. அல்பா செந்தூரியை நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் பாரத்தைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு நட்சத்திரம் ஒன்றையொன்று சுற்றினால், இடைத்தூரத்தை அதே எண்ணோடு மூன்று தரம் பெருக்கி (கனம்), சுற்றும் காலத்தை அதே எண்ணோடு இரண்டு தரம் பெருக்கி (வர்க்கம்), முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் இரண்டின் கூட்டுத் திணிவு வரும். தூரம் வானியல் அலகில், காலம் வருசத்தில், விடை சூரியனின் மடங்கில். கெப்ளர் கண்ட விதி, நியூட்டன் செம்மைப்படுத்தினார். காக்கா தந்த எண்ணையே எடுப்போம். 11.2க்கும் 35.6க்கும் சராசரி 23.4. மூன்று தரம் பெருக்கினால் 12,813. 79.9ஐ இரண்டு தரம் பெருக்கினால் 6,384. பிரித்துப் பாருங்கள், இரண்டை ஒட்டி வரும். அதாவது இரண்டு நட்சத்திரமும் சேர்ந்து இரண்டு சூரியன் பாரம். இரண்டுக்கும் பொதுவான ஈர்ப்பு மையம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஏ நட்சத்திரத்துக்கு 1.08, பி நட்சத்திரத்துக்கு 0.91 என்று பிரிந்துவிடும்.

கல்குலேட்டர்கூட வேண்டாம், மணலில் குச்சியால் எழுதிப் பெருக்கலாம். எந்தப் பெரிய தொலைகாட்டிக்காரரையும் நம்பத் தேவையில்லாமல் ஒரு நட்சத்திரத்தின் பாரத்தை ஒரு பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கிற வாய்ப்பு இது. துணை இல்லாத 18 ஸ்கோர்பிக்கு இதைச் செய்ய முடியாது.


சம்மாந்துறையான்

செய்ய முடியாது என்று யார் சொன்னது, சேர்? வேறு வழியில் செய்தார்கள். கேட்டால் உங்கள் மகளுக்கும் பிடிக்கும், படுவான்கரை அண்ணன்.

முதலில் ஆரை. 18 ஸ்கோர்பி வானத்தில் ஒரு புள்ளிதான், ஆனால் புள்ளிக்கும் ஓர் அகலம் இருக்கிறது. கலிபோர்னியாவில் வில்சன் மலையில் சாரா என்ற தொலைகாட்டிக் கூட்டம் இருக்கிறது. ஆறு தொலைகாட்டிகள், ஒன்றுக்கொன்று 330 மீற்றர் வரை தள்ளி. அவற்றுக்கு வரும் ஒளியை ஒன்றோடொன்று கலந்து அந்த அகலத்தை அளந்தார்கள். 0.68 மில்லி வில்செக்கன். ஒரு பாகையை 3600ஆகப் பிரித்தால் ஒரு வில்செக்கன்; அதன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தூரம் ஏற்கெனவே தெரியும். பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம்மாறித் தெரிகிற அளவை வைத்து அதைக் கணித்திருந்தார்கள். அகலமும் தூரமும் தெரிந்தால் உண்மையான ஆரை வந்துவிடும்: சூரியனைப்போல் 1.01.

மறுகா, அடர்த்தி. நட்சத்திரம் சும்மா நிற்பதில்லை, உள்ளே வாயு கொதித்துப் புரள்வதால் முழு உருண்டையும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. சூரியன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் அதிரும். கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டின உடனே வார் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்வார் அல்லவா, அதே வேலைதான். சிலியில் லா சில்லா மலையிலுள்ள ஹார்ப்ஸ் என்ற கருவி, நட்சத்திரத்தின் மேற்பரப்பு நம்மை நோக்கியும் விலகியும் ஆடுகிற மிகச் சிறிய வேகத்தை ஒளியின் நிறமாற்றத்தில் பிடித்தது. அதிர்வுகளின் இடைவெளி சராசரி அடர்த்தியைச் சொல்லும். ஆரையிலிருந்து கனவளவு வரும், அதை அடர்த்தியால் பெருக்கினால் திணிவு. 2011இல் வந்த முடிவு 1.02.

துணை நட்சத்திரத்தின் உதவியில்லாமல், ஓர் ஒற்றைப் புள்ளியின் பாரத்தை இவ்வளவு நுட்பமாக மனிதன் அளந்திருக்கிறான். பிள்ளைகளுக்கு இதைவிட என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?


படுவான்கரைத் தகப்பன்

விளங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் நன்றி. மகளுக்கு மத்தளக் கதைதான் பிடித்தது, ஆனால் கணக்கை அவள் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டாள்.


திருக்கோவில் மதி

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். காக்கா சொன்ன எண்கள் சரி. ஆனால் "இரட்டை" என்று சொல்லும்போது சொல்லாமல் விட்டதையும் சேர்க்கவேண்டும்.

18 ஸ்கோர்பி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுப்பது 22.7 நாள். சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி 25 நாளளவில் சுற்றுகிறது. சூரியனில் புள்ளிகள் கூடிக் குறைகிற வட்டம் 11 வருசம். அங்கே ஏழு வருசம் அளவில். இலித்தியம் சூரியனைவிட மூன்று மடங்குக்கு மேல். இலித்தியம் நட்சத்திரத்தின் உள்ளே போகப் போக எரிந்து தீர்ந்துவிடுகிற மூலகம், அதனால் கூடுதலாக இருந்தால் இளமை என்று சந்தேகம் வரும். வயதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஒன்று 290 கோடி ஆண்டு என்கிறது, இன்னொன்று 470 கோடியளவில். சூரியனுக்கு 457 கோடி. 290 என்பது சரியானால், நம்முடைய சூரியன் அந்த வயதில் இருந்தபோது பூமியில் விலங்கும் இல்லை, மரமும் இல்லை. அதை எப்படி இரட்டை என்பது? இலித்தியத்தில் சூரியனோடு ஒத்துப்போகிற ஹிப் 56948 என்ற நட்சத்திரம் 2007இல் அறிவிக்கப்பட்டது. அது ஏறக்குறைய 200 ஒளியாண்டு தூரத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

என் எண்ணம் வேறு. டவ் செட்டியைக் காட்டலாம். 11.9 ஒளியாண்டு, பருமன் 3.5, கல்லடியிலும் வெறுங்கண்ணுக்குத் தெரியும், தனி நட்சத்திரம். 1960இல் பிராங்க் டிரேக் வேற்றுலகச் சமிக்ஞை தேடி முதன்முதலில் வானொலித் தொலைகாட்டியைத் திருப்பிய இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று. "அங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று மனிதன் முறையாகக் கேட்ட முதல் இடங்களில் ஒன்றைக் காட்டினால் பிள்ளைகள் விடியும் வரைக்கும் நிற்பார்கள்.


சம்மாந்துறையான்

மதி தங்கச்சி, சுழற்சி, இலித்தியம் பற்றிச் சொன்னது அவ்வளவும் உண்மை, அது சொல்லப்படத்தான் வேண்டும். ஆனால் 22.7 நாளும் 25 நாளும் வித்தியாசம் என்று 18 ஸ்கோர்பியைத் தள்ளிவிட்டு டவ் செட்டியைக் கொண்டுவருவது எப்படி நியாயம்? டவ் செட்டி ஜி8 வகை. திணிவு 0.78, வெளிவிடும் ஒளி சூரியனின் பாதி, வெப்பநிலை 5340 கெல்வின் அளவில். இரும்பு சூரியனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் சுற்றியிருக்கிற தூசும் பாறைத்துண்டும் நம்முடைய சூரியக் குடும்பத்தில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல். அங்கே கோள்கள் இருப்பதாக 2012இலும் 2017இலும் சொன்னார்கள், அதுவும் இன்னும் தகராறில்தான் இருக்கிறது.

அப்புறம், காலம். டவ் செட்டி முன்னிரவில் உச்சிக்கு வருவது கார்த்திகை, மார்கழியில். மட்டக்களப்பிலே அந்த மாதங்களில் வானத்தை யார் பார்த்தது? வடகீழ்ப் பருவமழை கொட்டும், வாவி நிரம்பிப் படுவான்கரை ரோட்டெல்லாம் தண்ணீருக்குள் போகும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசி வானம் துப்புரவாக இருக்கும்போது டவ் செட்டி நடுச்சாமம் தாண்டித்தான் மேலே வரும். பிள்ளைகளை அதுவரைக்கும் கடற்கரையில் வைத்திருக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?


திருக்கோவில் மதி

மழைக்காலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை. ஆனால் இரும்பு குறைவு, ஒளி பாதி என்பதால் "சூரியனைப் போன்றது" என்ற பட்டியலிலிருந்தே தள்ளுவது சரியில்லை. எப் வகையின் கடைசிப் பகுதி, ஜி வகை முழுவதும், கே வகையின் தொடக்கம் எல்லாவற்றையும் வானியலாளர்கள் சூரியனையொத்தவை என்றுதான் பேசுகிறார்கள். காரணம், இவை எல்லாமே மையத்தில் ஐதரசனை ஈலியமாக இணைத்து, பல நூறு கோடி ஆண்டு சீராக எரிகிறவை. அதுதான் அடிப்படை. ஒரு பக்கம் ஒளி ஒன்றரை மடங்கு, மறுபக்கம் பாதி. நடுவில் எங்கேயோ நம்முடையது இருக்கிறது. ஒரேயொரு நட்சத்திரத்தைத் தேடிப்பிடித்து "இதுதான் அச்சு அசல்" என்றால் இந்தப் பரப்பு பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.


அம்பாறை ஊரான்

ஒரு சின்ன விசயம். 2019இல் சர்வதேச வானியல் சங்கம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் அதன் கோளுக்கும் பெயர் வைக்க வாய்ப்புக் கொடுத்தது. இலங்கைக்குக் கிடைத்தது தென்மீன் மண்டலத்திலுள்ள எச்டி 205739. நட்சத்திரத்தின் பெயர் சாமய, கோளின் பெயர் சமகிய. நம்ம நாடு பெயர் வைத்த சூரியன் ஒன்று இருக்கும்போது அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா?


வாவிக்கரையான்

சொல்வோம், கட்டாயம் சொல்வோம். ஆனால் காட்ட முடியாது. 300 ஒளியாண்டு அளவில் இருக்கிறது, தொலைகாட்டி வேண்டும், நாங்கள் கூடுகிற நேரத்துக்கு அந்த மண்டலம் கிழக்கே அவ்வளவு மேலே ஏறியும் இருக்காது. வகையும் எப்7, சூரியனைவிட 1.2 மடங்கு பாரம்.

மதி சொன்ன "பரப்பு" என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அதை ஒரே இடத்தில் காட்டக்கூடியது அல்பா செந்தூரிதான். எங்கள் சிறிய தொலைகாட்டியில் இப்போது அது இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. ஏ வெள்ளையோடு லேசான மஞ்சள். பி கொஞ்சம் செம்மஞ்சள், கே1 வகை, ஒளி சூரியனில் பாதி. ஒன்று சூரியனைவிடக் கொஞ்சம் பெரியது, மற்றது கொஞ்சம் சின்னது. இரண்டுக்கும் நடுவில் நம்முடைய சூரியன். ஒரு கண்ணாடிக்குள்ளேயே பாடம் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கிற பீட்டா செந்தூரியையும் காட்டுவேன். வெறுங்கண்ணுக்கு இரண்டும் சோடி மாதிரி நிற்கும், ஆனால் பீட்டா 390 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற நீல இராட்சதம். பிரகாசத்தை வைத்துத் தூரம் சொல்ல முடியாது என்பது அங்கேயே விளங்கும்.

2025 ஆகஸ்டில், ஏ நட்சத்திரத்தைச் சுற்றி வாயுக்கோள் ஒன்று இருக்கக்கூடும் என்ற தடயத்தை ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி தந்திருக்கிறது. இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் பிள்ளைகள் செய்தியில் அந்தப் பெயரைக் கேட்கும்போது "நான் பார்த்த நட்சத்திரம்" என்று சொல்வார்கள்.


படுவான்கரைத் தகப்பன்

என் கட்சி இப்போது 18 ஸ்கோர்பி பக்கம். காரணத்தைச் சொல்கிறேன்.

46 ஒளியாண்டு என்றால் இன்றைக்கு நம் கண்ணுக்கு வருகிற ஒளி 46 வருசத்துக்கு முன்னர் அங்கிருந்து கிளம்பியது. எழுபத்தெட்டுச் சூறாவளி கார்த்திகை 23 இரவு அடித்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் தென்னை ஒன்றும் நிற்கவில்லை, வீட்டுக்குக் கூரை இல்லை. விழுந்த மரத்தை அரிந்து, ஓலை பின்னி, ஊரை மறுபடி எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் கிளம்பிய ஒளி இது. நான் அப்போது சின்னப்பொடியன். அந்த ஒளியை இப்போது என் மகள் பார்க்கப் போகிறாள் என்றால், எனக்கு அது 4.4 வருசத்துக் கதையைவிடப் பெரிசு. "தூரத்து நட்சத்திரம்" என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

இடம் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். வெறுங்கண்ணாலேயே தெரிகிற இருட்டு இருக்கிறது. ஆனால் யானை வருகிற காலம், வேளாண்மை வெட்டுகிற நேரம் காவல் வாடியில் நிற்பவர்களே பயந்துதான் நிற்கிறார்கள். பிள்ளைகளை இரவில் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனமில்லை.


வாவிக்கரையான்

அண்ணன், அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அச்சடிக்கிற துண்டில் சூறாவளிக் கணக்கைக் கட்டாயம் போடுவேன். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருக்கிற பிள்ளைகள் போய்க் கேட்கட்டும். யானை விசயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, கல்லடியை மாற்றவில்லை.

ஆனால் கல்லடியில் 18 ஸ்கோர்பி தெரியாது என்ற என் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது, காக்கா.


சம்மாந்துறையான்

வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சரி. 7×50 பைனாகுலர் ஒன்று போதும்.

உங்கள் அல்பா செந்தூரி தெற்கே தாழ்வாக நிற்கிறது, நகர வெளிச்சத்துக்குள் நின்றுதான் பார்க்கவேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு இன்னும் கீழே போய்விடும். 18 ஸ்கோர்பி ஏழரை மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, 72 பாகை உயரத்தில் இருக்கும். அடிவானத்து வெளிச்சம் அங்கே அவ்வளவாக ஏறாது.

பிடிக்கிற முறையைச் சொல்கிறேன், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பாயில் மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள், கால் தெற்கே இருக்கட்டும். கேட்டை நட்சத்திரம் சிவப்பாக எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து தலைப்பக்கம், வடக்கே, இரண்டு முட்டிக்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு நட்சத்திரம் சோடியாக நிற்கும். அதில் மேற்குப் பக்கம் இருப்பதுதான் ஜெட் பிரையர், பருமன் 2.7. பைனாகுலரை அதன்மேல் வைத்து, அதைக் கண்ணாடியின் வடக்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள். நேர்தெற்கே ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில், அதே வட்டத்துக்குள் 18 ஸ்கோர்பி வெள்ளையாக நிற்கும். ஜெட் பிரையர் ஒரு செம்பெரு நட்சத்திரம், செம்மஞ்சளாகத் தெரியும். முதுமையில் வீங்கிய நட்சத்திரம் ஓர் ஓரத்தில், நடுவயதில் எரிகிற சூரியன் மறு ஓரத்தில். கோடிக்கணக்கான ஆண்டு கழித்து நம்முடைய சூரியனும் அந்த வீங்கிய பக்கத்துக்குத்தான் போகப்போகிறது என்று அந்த வட்டத்துக்குள்ளேயே காட்டலாம். உங்கள் தொலைகாட்டியில் ஒரு பாடம் இருக்கிறதென்றால் இதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

ட்ரைபொட்டும் பைனாகுலரும் என்னிடம் இருக்கின்றன. அஸ்ருக்குப் பிறகு சம்மாந்துறையிலிருந்து வெளிக்கிட்டால் மஃரிபுக்கு முன்னர் கல்லடி வந்துவிடுவேன்.


திருக்கோவில் மதி

நானும் வருகிறேன். தங்கச்சிமாருக்குக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும்.

வயதுத் தகராறைத் துண்டில் எழுதாமல் விடாதீர்கள். 290, 470 இரண்டும் இருக்கட்டும். விஞ்ஞானத்தில் முடியாத கணக்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை மறுபடி வரும்.


வாவிக்கரையான்

துண்டுக்கு நான் எழுதியது இது. முதலில் வெறுங்கண்ணால் அல்பா செந்தூரி: "கிட்டடியில் இருக்கும் சூரியன்." தூரம் 4.4 ஒளியாண்டு, கூட்டுத் திணிவுக் கணக்குப் பிள்ளைகளுக்கு விடப்படுகிறது. அடுத்து பைனாகுலரில் 18 ஸ்கோர்பி: "அளவில் நம் சூரியனோடு ஒத்த சூரியன்." 46 ஒளியாண்டு, சூறாவளிக் காலத்து ஒளி, திணிவு 1.02, ஆரை 1.01, வயது இன்னும் தீரவில்லை. கடைசியில் சாமய, சமகிய பற்றி இரண்டு வரி.


சம்மாந்துறையான்

நல்லது. அல்பா செந்தூரிக்குக் கீழே தூரத்தைப் போட்டுவிட்டு ஒளி 1.5 மடங்கு என்பதை விட்டுவிட்டீர்கள். அதுதான் முதல் வரியில் வரவேண்டும். அந்த எண் இல்லாமல் "சூரியன்" என்று அச்சடித்தால் என் பெயரைத் துண்டில் போடவேண்டாம்.


வாவிக்கரையான்

1.5ஐச் சேர்க்கிறேன், பி நட்சத்திரத்தின் 0.5ஐயும் சேர்க்கிறேன். ஆனால் முதல் வரி தூரம்தான், காக்கா, அதில் நான் இறங்கமாட்டேன். இரண்டாம் வரியில் உங்கள் எண் தடித்த எழுத்தில் வரும். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்குள் ஏதாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.